ஆடையும் அடிசிலும்

நம்மவர் இருவகைக் காரியங்களை வீண் என்று எளிதில் தள்ளிவிடுவர். ஒன்று, உடுத்தும் துணியைப் பற்றி நெடுநேரம் சிந்திப்பது; மற்றொன்று, ஒருவேளை உணவுக்காக மூன்று மணி நேரம் மேசையில் அமர்ந்திருப்பது. அங்ஙனம் தள்ளுகிறவர்களே தங்கள் வீட்டுக் கலியாணத்தின்போது ஒரு பட்டுப் புடவைக்காக நான்கு கடை ஏறி இறங்குவதையும், பந்தியில் பாயசம் வரவில்லையென்று சம்பந்தியோடு முகம் முறித்துக்கொள்வதையும் நாம் கண்டிருக்கிறோம். ஆகவே அவர்தம் கண்டனத்தை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, சிங்கப்பூரிலுள்ள தொழிற்கல்லூரி ஒன்றின் மாணவர்கள் நடத்திய உடையணிக் காட்சிக்கும், அதனைத் தொடர்ந்து அளித்த விருந்துக்கும் நாம் சென்றிருந்தோம். “இந்த வயதில் உங்களுக்கு இது என்ன வேடிக்கை?” என்று அன்பர் ஒருவர் வினவினார். அவருக்கு அன்று இரண்டு வார்த்தையில் விடையளித்தோம். இங்கே சற்று விரித்துச் சொல்லுவோம்.

நாம் வேடிக்கை பார்க்கச் செல்லவில்லை; ஒருவரை அழைத்துச் செல்லவே சென்றோம். அவர் நம் நாற்பதாண்டுக் கால நண்பர். தொழிற்சாலையொன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனார் 1948ஆம் ஆண்டில் ‘ரஜூலா’க் கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்திறங்கி, சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தொன்றில், அஞ்சடியில் ஒரு சிங்கர் மெஷினைப் போட்டு முப்பது வருஷம் தையல் தொழில் நடத்தியவர். மழை பெய்தால் சாரலடிக்கும். வெயிலடித்தால் தெருப் புழுதி வந்து படியும். அந்த அஞ்சடியிலிருந்துதான் நான்கு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். “நீங்கள் யாரும் ஊசியைத் தொடக்கூடாது” என்பது அவர் பிள்ளைகளுக்கு இட்ட கட்டளை. அவர்களும் தொடவில்லை. நண்பர் ஊசியை விட்டு விலகி, ஓர் அடுக்குமாடி வீடும், மாதச் சம்பளமும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் உள்ளவராக ஆனார்.

அவருக்கு ஒரே மகள். கணக்கியல் படிக்கச் சொன்னார் தகப்பனார். மகளோ உடை வடிவமைப்புப் படிக்கப் போய்விட்டாள். “என் தகப்பனார் எந்தக் குழியிலிருந்து எங்களைக் கரையேற்றினாரோ, அந்தக் குழியில் இவள் தானாகவே போய் விழுகிறாள், அண்ணா” என்று அவர் நம்மிடம் பலமுறை சொல்லி வருந்தியதுண்டு. வருத்தம் கோபமாயிற்று, கோபம் மௌனமாயிற்று. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா என்னும் இரண்டு கேள்விகளுக்கு மேல் தகப்பனும் மகளும் பேசிக்கொள்ளாமல் ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. இந்நிலையில்தான் நண்பரின் மனைவியார் தலைக்கு நாற்பது வெள்ளி விலையுள்ள இரண்டு சீட்டுகளை நம் கையில் கொடுத்து, “நான் கூப்பிட்டால் வரமாட்டார், நீங்கள் கூப்பிட்டால் மறுக்கமாட்டார்” என்றார். அம்மையாருக்கு மூன்றாவது சீட்டு ஒன்று இருந்தது. ஆயினும் அவர் தனியே முன்னதாகச் சென்று, நமக்குத் தொலைவில் வேறொரு வரிசையில் அமர்ந்துகொண்டார். குடும்ப ராஜதந்திரம் என்பது எந்தப் பல்கலைக்கழகத்திலும் போதிக்கப்படாத ஒரு கலை.

உடையணிக் காட்சி என்பது மேனாட்டில் நேற்றுத் தோன்றிய ஆடம்பரம் அன்று. இங்கிலாந்தில் பிறந்து பாரிஸ் நகரம் சென்ற சார்லஸ் பிரெடரிக் வொர்த் என்பவர் 1858இல் அங்கே தமது கடையைத் திறந்தார். அதுவரையில் சீமாட்டிகள் தமக்கு வேண்டியதைச் சொல்லுவர். தையற்காரர் தலைகுனிந்து தைத்துக் கொடுப்பர். வொர்த்தோ தாமே முன்கூட்டி உடைகளை ஆக்கி, அவற்றை மரப்பொம்மைக்கு அணிவிக்காமல் உயிருள்ள பெண்களுக்கு அணிவித்து, வாடிக்கையாளர் முன் நடக்கச் செய்தார். அங்ஙனம் முதன்முதல் நடந்தவர்களுள் அவருடைய மனைவி மரீ வெர்னேயும் ஒருவர். அன்றியும், ஓவியன் படத்தின் கீழ்த் தன் பெயரை எழுதுவதுபோல, உடையின் உட்புறத்தில் தம் பெயர் பொறித்த சிறு பட்டியைத் தைத்து வைத்தவரும் அவரே. தைப்பவனுக்கும் ஒரு பெயர் உண்டு என்பதை உலகம் ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் ஆயிற்று. நம் நண்பரின் தகப்பனார் தம் ஆயுளில் எத்தனை ஆயிரம் சட்டைகள் தைத்தாரோ, நாம் அறியோம்; அவற்றுள் ஒன்றிலாவது அவர் பெயர் இருந்திராது என்பது மட்டும் நிச்சயம்.

மண்டபம் பெரியதன்று. நடுவே ஒரு நீண்ட நடைமேடை, இருபுறமும் நாற்காலிகள். விளக்குகள் அணைந்து, மேடைமீது மட்டும் வெளிச்சம் விழுந்தது. அப்பொழுது எழுந்த சங்கீதத்தைப் பற்றி நாம் அதிகம் சொல்ல விரும்பவில்லை. நம் நாற்காலி அதிர்ந்தது என்பது போதும். நிகழ்ச்சியை அறிவித்த இளைஞர் முழுவதும் ஆங்கிலத்திலேயே பேசினார். வந்திருந்த பெற்றோரிலும் பாட்டிமாரிலும் பலர் மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் தங்களுக்குள் ஒருவரையொருவர் “என்ன சொன்னார்?” என்று கேட்டுக்கொண்டிருந்தனர். ஒவ்வொரு மொழியிலும் இரண்டு வாக்கியம் வரவேற்பாகச் சொல்லியிருந்தால் அந்த இளைஞருக்கு ஐந்து நிமிஷம் செலவாகியிருக்கும். பாட்டிமாருக்கு அந்த மாலை முழுதும் சொந்தமாகியிருக்கும்.

மாணவ மாணவியர் பதினெண்மர். ஒவ்வொருவரும் ஆறு உடைகள் ஆக்கியிருந்தனர். அவற்றை அணிந்து நடந்தவர்களும் அக்கல்லூரியின் மாணவர்களே. ஆகையால் நெட்டையர், குட்டையர், பருத்தவர், ஒல்லியர் என்று தெருவில் நாம் தினமும் காணும் மனிதரெல்லாம் மேடையில் வந்தனர். இது நமக்குப் பெரிதும் பிடித்திருந்தது. நடந்தவர் ஒருவரும் சிரிக்கவில்லை. “பிள்ளைகளுக்கு என்ன கஷ்டம்? ஏன் இப்படி முகத்தை வைத்துக்கொண்டு வருகிறார்கள்?” என்று நண்பர் வினவினார். பார்ப்பவர் கண் முகத்தை விட்டுத் துணியில் பதியவேண்டும் என்பதற்காகவே அங்ஙனம் பழக்குவார்கள் என்று நாம் சொன்னோம். “அப்படியானால் துணிக்கடைப் பொம்மையே போதுமே” என்றார் அவர். அப்பொழுது அவர் மனநிலை அவ்விதம் இருந்தது.

முதலில் வந்தவற்றுள் இரண்டு மூன்று உடைகளை அணிந்துகொண்டு எவரும் உட்கார முடியாது. பெருவிரைவு இரயிலின் கதவுக்குள் நுழையவும் இயலாது. மாணாக்கருக்குக் கற்பனை வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் உட்கார முடியாத உடை, அமர முடியாத நாற்காலிக்கு ஒப்பானது. அதன்பின் ஒரு மலாய்ப் பெண் ஆக்கிய கெபாயாக்கள் வந்தன. பழைய கெபாயாவின் ஒடுங்கிய இடையைச் சற்றுத் தளர்த்தி, கையை முழங்கையோடு நிறுத்தி, வேலைக்குப் போகும் பெண் அணியத்தக்கதாகச் செய்திருந்தாள். புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய 5 நாடுகள் ஒன்றாக விண்ணப்பித்து, 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் ஏற்றப்பெற்ற உடை அது. சிங்கப்பூர் விமானங்களில் பணிபுரியும் பெண்கள் அணிகின்ற சாரோங் கெபாயாவை 1968இல் வரைந்தவரோ பியேர் பால்மேன் என்னும் பிரெஞ்சுக்காரர். ஓர் உடை ஓரிடத்தில் பிறந்து, கடல் கடந்து, பிறர் கைபட்டுத் திரும்பி வருவது புதிதன்று என்பதற்காக இதனைச் சொன்னோம். மறுபடியும் அதைப் பற்றியே சொல்ல வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டாவதாக நண்பரின் மகளின் உடைகள் வந்தன. அறிவிப்பாளர் அவள் பெயரைச் சொன்னபோது நண்பர் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். பிறகு, அதை நாம் கவனித்துவிட்டோமோ என்று எண்ணினார் போலும், மீண்டும் சாய்ந்துகொண்டார்.

ஆறும் கைலித் துணியால் ஆனவை. கட்டம்போட்ட கைலி, நம் பாட்டன்மார் வீட்டிலும் கடைத்தெருவிலும் கட்டித் திரிந்த அதே கைலி. அதை வெட்டி, மேற்சட்டையாகவும், முழங்காலுக்குக் கீழே விரியும் பாவாடையாகவும், தோள் விறைத்த அலுவலகக் கோட்டாகவும் ஆக்கியிருந்தாள். மண்டபத்திலிருந்த மலாய்க்காரர்கள் அதைக் கண்டதும் கைதட்டினார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் அதையே கட்டுகிறார்கள் அல்லவா? மலாய் மொழியில் அதற்குக் ‘கயின் பெலிக்காட்’ என்று பெயர். கயின் என்றால் துணி. பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடு. ஐரோப்பியர் நாவில் ‘புலிக்காட்’ ஆகி, இங்கே பெலிக்காட் ஆயிற்று. 1613இல் டச்சுக்காரர் அவ்வூரில் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினர். அவர்களுக்கு வேண்டியவை கீழைத் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும். அத்தீவினரோ வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலக் கரைத் துணியையே பெரிதும் விரும்பினர். ஆகவே நம் நெசவாளர் நெய்த துணி ஒருவிதத்தில் நாணயமாகவே இக்கடல்களில் வழங்கியது. நெய்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஊர்ப்பெயர் மட்டும் அயலார் மொழியில் ஒட்டிக்கொண்டு நானூறு ஆண்டுகளாக இடுப்பில் நிற்கிறது.

கைலியைக் கொண்டு கோட்டுத் தைப்பதிலுள்ள இடர் என்னவென்று தையல் அறியாதவர்க்குச் சொல்லவேண்டும். வெற்றுத் துணியை எப்படி வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம். கட்டத் துணியோ, வெட்டிய இரண்டு துண்டுகள் சேருமிடத்தில் கட்டத்தோடு கட்டமும் கோட்டோடு கோடும் பொருந்தவேண்டும். ஒரு நூலிழை விலகினாலும் கண்ணுக்குக் கோணலாய்த் தெரியும். முதுகின் நடுத்தையலில் பொருத்துவது எளிது. பக்கத்தையலில் சற்றுக் கடினம். கை வந்து உடம்போடு சேரும் கைக்குழியில் பொருத்துவது எல்லாவற்றிலும் கடினம். ஏனெனில் அங்கே ஒரு வளைவும் மற்றொரு வளைவும் சந்திக்கின்றன. அதற்கு முன், மாணவர்கள் ஒவ்வோர் உடையையும் விலை குறைந்த பருத்தித் துணியில் ஒருமுறை தைத்துப் பார்த்துப் பிரித்துத் திருத்துவார்கள். ஆங்கிலேயர் அத்துணியைக் ‘காலிகோ’ என்பர். அது நம் கோழிக்கோடு தந்த பெயர். காலிகோவில் நூறு முறை பிழை செய்யலாம். பழைய கைலியில் ஒருமுறை கத்தரி தவறினால் மாற்றுத் துணி கிடையாது.

அவை பழைய கைலிகள் என்பதும் நமக்குப் பின்னரே தெரியவந்தது. பாட்டனார் இறந்தபின் பாட்டியார் ஒரு டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்த அவருடைய கைலிகளுள் மூன்றைப் பேத்தி கேட்டு வாங்கியிருக்கிறாள். மற்றவை கடையில் வாங்கியவை. எவை பாட்டனாருடையவை என்று நமக்கு அடையாளம் தெரியவில்லை. நண்பருக்குத் தெரிந்தது. நான்காவதாக வந்த நீலமும் அரக்கும் கலந்த கோட்டைக் கண்டதும் அவர் முன்னே குனிந்தார். அதை அணிந்திருந்த மாணவன் மேடையின் கோடிவரை நடந்து வந்து, நின்று, திரும்பினான். நண்பர் முகத்தைப் பார்க்கவில்லை, நடையைப் பார்க்கவில்லை, கைக்குழியைப் பார்த்தார். அவர் ஊசியைத் தொட்டதில்லைதான். ஆயினும் பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் அந்த மெஷினுக்கு அருகில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவர் அல்லவா? தகப்பனார் வாயிலிருந்து விழுந்தவை காதில் விழாமலா போயிருக்கும்?

“கட்டம் விலகவில்லை” என்றார், நம் பக்கம் திரும்பாமலே.

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

காட்சி முடிந்ததும் விருந்துக்கு முன் அரைமணி நேரம் இடைவேளை விட்டனர். வெளியே தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தபோது, நம் உள்ளம் வேறொரு திசையில் சென்றது. துணி அற்பப் பொருள் என்பார் சரித்திரம் படியாதவர். திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் தங்கள் மார்பை மேலாடையால் மூடிக்கொள்ளும் உரிமைக்காக 1820களிலிருந்து அடிபட்டும் வீடிழந்தும் போராடினர். இறுதியாக 1859 ஜூலை 26ஆம் நாள் மன்னரின் பிரகடனம் வெளிவந்தது. மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியலாகாது என்பது அதன் சாரம். அந்த ‘ஆனால்’ என்ற சொல்லை நாம் எப்பொழுதும் மறப்பதில்லை. உடலை மூடும் துணியை ஒப்புக்கொண்ட அரசு, சமத்துவத்தைக் காட்டும் மடிப்பை ஒப்புக்கொள்ளவில்லை. அங்ஙனம், துணியின் வெட்டிலும் மடிப்பிலும் ஒரு சமுதாயம் தன் ஏற்றத்தாழ்வை எழுதி வைத்திருந்தது. அதை மாற்றி எழுதக் கற்றுக்கொள்ளும் பெண்ணை நாம் எப்படி வீண் வேலை செய்கிறவள் என்போம்?

மற்றொன்றும் உண்டு. 2013 ஏப்ரல் 24ஆம் நாள், வங்காளதேசத்தின் தலைநகரான டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து, 1,100க்கு மேற்பட்டவர் மாண்டனர். பெரும்பாலோர் மேனாட்டுக் கடைகளுக்கு மலிவு உடை தைத்த பெண்கள். சுவரில் வெடிப்பு முதல் நாளே கண்டிருந்தும், மறுநாள் அவர்களை வேலைக்கு வரவழைத்தனர். நாம் அணியும் சட்டைக்குள் ஒரு மனிதக் கை இருக்கிறது என்பதை நாம் எண்ணுவதில்லை. சட்டை தைக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று தன் கையால் தைத்து அறிந்தவர், மூன்று வெள்ளிச் சட்டையைக் கண்டு மகிழமாட்டார். இது எப்படி முடியும் என்று கேட்பார். அக்கல்லூரியில் அந்தப் பாடமும் நடத்துகிறார்கள் என்று ஆசிரியை ஒருவர் சொல்லக் கேட்டு மகிழ்ந்தோம்.

விருந்து அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில். சமைப்பவரும் பரிமாறுபவரும் மாணவர்களே. மேசைக்கு எட்டுப் பேர். யார் எங்கே என்று குலுக்கிப் போட்டிருந்தார்கள். நம் மேசையில் நாமும் நண்பரும் தவிர, பேருந்து ஓட்டும் சீனர் ஒருவர், அவர் மனைவியார், துணி ஏற்றுமதி வர்த்தகர் ஒருவர், அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்யும் மலாய் அம்மையார், அவருடைய இரண்டு பிள்ளைகள். கெபாயா ஆக்கிய பெண் இந்த அம்மையாரின் மூத்த மகள்தான். எட்டுப் பேரும் ஒரே மேசையில் ஒரே அப்பத்தைப் பிட்டு உண்டோம். சேரன்மாதேவிக் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்ததைப் பற்றி 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடே கொந்தளித்ததே, அதனை நினைத்துக்கொண்டோம். ஒரு நூற்றாண்டுதான் ஆகியிருக்கிறது.

ஐந்து சுற்று விருந்து என்று அச்சிட்ட அட்டை சொல்லிற்று. தட்டின் இருபுறமும் கத்திகளும் முள்கரண்டிகளும் அணிவகுத்து நின்றன. வெளிப்புறத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு உட்புறம் வரவேண்டும் என்பதே அதற்குள்ள ஒரே விதி. மற்றவை எல்லாம் வெறும் அச்சம். ஒவ்வோர் உணவாக ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவருவது பிரெஞ்சுக்காரரின் ஆதி வழக்கமும் அன்று. அவர்கள் முன்பு எல்லாவற்றையும் ஒருங்கே மேசையில் பரப்பிவிடுவார்கள். 1810ஆம் ஆண்டையொட்டிப் பாரிசிலிருந்த ருசிய நாட்டுத் தூதர் குராக்கின் என்பவர் இம்முறையைப் பழக்கினார் என்பர். ஆகையால் இதற்கு ‘ருசிய முறை’ என்றே பெயர். நம் வாழையிலை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது என்பது நம் எண்ணம். உப்பும் ஊறுகாயும் கறியும் கூட்டும் ஒருங்கே இலையில் அமர்ந்துவிடும்; சாம்பாரும் ரசமும் மோரும் வரிசையாக வரும். இலையில் ஒன்று மட்டும் மேலானது: எது தீர்ந்தாலும் மறுபடி கேட்கலாம். இங்கே கேட்க முடியாது.

இரண்டாவது சுற்றாக வந்தது தேன் நிறத்தில், அடியிலுள்ள கிண்ணத்தின் பூவேலை தெரியும்படி தெளிந்த ஒரு சூப். நண்பர் ஒரு வாய் அருந்திவிட்டு, “இது மிளகு ரசம்” என்றார். உண்மைதான். மிளகும் சீரகமும் பூண்டும் புளியும் சேர்த்த சாற்றைப் பிரெஞ்சு முறையில் தெளிவித்திருந்தார்கள். அடித்த முட்டை வெள்ளையைச் சாற்றில் கலந்து மெல்லச் சூடேற்றினால், அது திரண்டு மேலே மிதந்து கலங்கலையெல்லாம் தன்னோடு பற்றிக்கொள்ளும். நடுவே துளையிட்டு அடியிலுள்ள தெளிவை அகப்பையால் மொள்ளவேண்டும். பொறுமையற்றுக் கொதிக்கவிட்டால் எல்லாம் பாழ். ஆங்கிலேயர் நம் மிளகுத்தண்ணீரை ‘மல்லிகட்டானி’ என்று அழைத்து, மாவும் இறைச்சியும் இட்டுக் குழம்பாக்கிக் கெடுத்தனர். இந்தப் பிள்ளைகள் அதை மறுபடியும் தண்ணீராக்கிவிட்டார்கள். அடுத்து வந்த மீன் நன்றாயிருந்தது. ஆட்டிறைச்சி ஒரு தீப்பெட்டியின் அளவு இருந்தது. அதைப் பற்றி வேறு சொல்வதற்கில்லை.

மீன் தட்டுகளை எடுக்கும்போது ஒரு சிறு விபத்து நேர்ந்தது. நம் மேசைக்குப் பரிமாறியவன் பதினேழு வயதிருக்கும் பையன். முதலிலிருந்தே அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வலப்புறமாக வந்து தண்ணீர் ஊற்றியபோது குவளை விளிம்பில் கூசா இடித்து, நண்பரின் சட்டைக்கையிலும் மேசை விரிப்பிலும் தண்ணீர் சிந்திவிட்டது. பையன் முகம் வெளுத்தது. பத்தடி தூரத்தில் சுவரை ஒட்டி அவனுடைய ஆசிரியர் கையில் குறிப்பேட்டோடு நின்று ஒவ்வொரு மேசையாகக் கவனித்து மதிப்பெண் இட்டுக்கொண்டிருந்தார். அவர் பார்வை நம் பக்கம் திரும்புமுன், நண்பர் தம் கைத்துண்டை விரித்து நனைந்த இடத்தின்மேல் போட்டு, அதன்மேல் தம் கையையும் வைத்துக்கொண்டு, ஒன்றும் நடவாதது போலச் சீனரிடம் பேருந்துத் தடங்களைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார். பையனிடம் மட்டும் தணிந்த குரலில், “போ தம்பி, அடுத்ததைக் கொண்டு வா. அவர் பார்க்கவில்லை” என்றார். அவன் மலாய்ப் பையன்; தமிழ் தெரியாது. ஆயினும் அவனுக்கு விளங்கிற்று.

அவன் போனபின் நண்பர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பின்பு நம்மிடம், “இந்தப் பிள்ளைகள் எத்தனை மணி வரையில் நிற்க வேண்டும், அண்ணா?” என்று கேட்டார். பாத்திரம் கழுவி, மேசை துடைத்து, கணக்கு ஒப்படைத்துப் புறப்பட இரவு பதினொன்றாகும் என்று நாம் சொன்னோம். “எங்கள் அப்பா தீபாவளிக்கு முன்பு விடிய விடிய மெஷின் மிதிப்பார். இரண்டு நாள் கால் வீங்கியிருக்கும். அதைப் பார்த்துத்தான் நான் இவளை வேண்டாம் என்றேன். அவமானம் என்று சொல்லவில்லை. அவள் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாள்” என்றார்.

“நீங்கள் கால் வீங்கியதைப் பற்றி அவளிடம் சொன்னதுண்டா?” என்று கேட்டோம்.

அவர் கரண்டியை எடுத்து, வந்திருந்த இனிப்பைக் கிளறினார். தேங்காய்ப்பாலும் பனஞ்சர்க்கரையும் சேர்ந்த செண்டோலைப் பனிக்கட்டியாக உறையவைத்து, மேலே பொன்னிறச் சர்க்கரை வலையொன்று கவிழ்த்திருந்தார்கள். அவர் அதை உண்ணாமல் நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். உருகிவிட்டது. சிங்கப்பூரின் அங்காடி உணவுக் கலாசாரம் 2020இல் யுனெஸ்கோப் பட்டியலில் ஏறியது. உணவங்காடியில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் அதே செண்டோலுக்கு இங்கே மூன்று மாணவர்கள் காலையிலிருந்து உழைத்திருக்கிறார்கள். எது சுவை என்றால் நாம் உணவங்காடியின் பக்கம் நிற்போம். எது கடினம் என்றால் இவர்கள் பக்கம்.

விருந்து முடிந்து மாணவர்கள் பெற்றோரைப் பார்க்க வந்தனர். நண்பரின் மகளும் தாயாரோடு வந்தாள். கழுத்தில் அளவு நாடா இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டைக்கையில் ஏழெட்டு ஊக்குகள் வரிசையாகக் குத்தியிருந்தன. கையில், உறையிட்டுத் தொங்கவிட்ட அந்த நீலக் கோட்டு. “வாங்க மாமா” என்று நம்மை வணங்கினாள். தகப்பனாரைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.

நண்பர் கையை நீட்டினார். அவள் கோட்டைக் கொடுத்தாள். அவர் அதை உறையிலிருந்து எடுத்து, முன்புறத்தைப் பார்க்காமல், உட்புறம் வெளியே வரும்படி திருப்பினார். தையற்காரர் பிள்ளைகள் அப்படித்தான் பார்ப்பார்கள். கழுத்துப் பட்டையின் கீழ்ச் சிறிய வெள்ளைப் பட்டியொன்று தைத்திருந்தது. அதில் அவள் பெயரும், அதன் முன்னே தகப்பனாரின் முதலெழுத்தும் தமிழில் இருந்தன. அவர் அதன்மேல் பெருவிரலை ஒருமுறை ஓட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மேலே சென்றார். பொத்தான் துளையைத் தொட்டார்.

“காஜா கையால் எடுத்ததா?”

“ஆமாம், அப்பா. பாட்டி காட்டிக் கொடுத்தார்கள்.”

“மெழுகு பூசின நூலா?”

“ஆமாம்.”

வலது கைக்குழியின் உள்ளே விரலை விட்டுத் தடவி, ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே உட்துணியில் ஓர் அங்குலத்துக்குத் தையல் விட்டிருந்தது.

“தெரியும், அப்பா. நேரம் போதவில்லை. நேற்று இரவு இரண்டு மணி” என்றாள் அவள்.

“இரண்டு மணிவரைக்கும் உட்கார்ந்தாயா? கால்?”

அவளுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. “கால் என்ன, அப்பா? அது மின்சார மெஷின்” என்றாள். தாயார் நம்மைப் பார்த்தார். நாம் தூணைப் பார்த்தோம்.

“தாத்தா மெஷின் மாமா வீட்டுச் சாமான் அறையில் இருக்கிறது. உட்துணிக்கு அதன் தையல்தான் நெருக்கமாக விழும். பெல்ட் அறுந்துபோயிருக்கும், தோல் பெல்ட். தேக்காவில் கிடைக்கிறதா என்று பார்க்கவேண்டும்” என்றார் நண்பர்.

தோல் பெல்ட் இப்பொழுது வராது, இரப்பர் வளையம்தான் வரும், அதைக் கணினியில் தேடி வரவழைக்கலாம் என்றாள் மகள். இரப்பர் வழுக்கும் என்றார் அவர். வழுக்காதபடி பல்வைத்தது இருக்கிறது என்றாள் அவள். பல்வைத்த வளையம் பழைய சக்கரத்தில் உட்காராது என்று அவர் மறுத்தார். இரயில் நிலையம் வரையில் இருவரும் இதையே பேசிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். நாமும் அம்மையாரும் இருபதடி பின்னால் வந்தோம்.